நிலைக்காலும் பந்துக்கோலும்

திருமண வீட்டிற்கு வெறுங்கையோடு செல்வது நம் நாட்டு வழக்கம் அன்று. நூற்றொரு ரூபாயை மொய்யாக எழுதுவோரும் உண்டு. எவர்சில்வர்க் குடத்தில் தம் பெயரை வெட்டிக் கொடுப்போரும் உண்டு. நூறோடு நின்றுவிடாமல் மேலும் ஒன்றைச் சேர்ப்பதற்கு, உறவு தொடர வேண்டும் என்பது கருத்து. குடத்தில் பெயர் வெட்டுவதற்கு, கொடுத்தவரின் நினைவு நிலைக்க வேண்டும் என்பது கருத்து. ஆகவே, பரிசு என்பது பொருள் மட்டும் அன்று. பொருளின் வழியாகச் சொல்லப்படும் ஒரு சொல்லும் ஆகும்.

இனி, மணமக்களுள் ஒருவர் கோல்ப் ஆட்டத்தில் பெரும் பற்றுடையவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எதைக் கொடுப்பது? கடைத்தெருவுக்குச் சென்று விலையுயர்ந்த கோல் ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்று நமக்குத் தோன்றும். ஆயின், இவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தால், அவ்வளவு எளிதில் முடிவுக்கு வரமாட்டோம். அவ்வாறு பார்ப்பதற்கு வாய்ப்பான ஓர் இடம் பெங்களூரில் உள்ள தொம்மலூர் ஆகும். பழந்தமிழர் கொடையைக் கல்லில் எழுதி வைத்த கோயில் ஒன்றும், இந்தியாவின் பெயர்பெற்ற கோல்ப் ஆடுகளங்களுள் ஒன்றும் அங்கே அருகருகே அமைந்திருக்கின்றன.

தொம்மலூர் என்னும் இவ்வூர் கல்வெட்டுகளில் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வழங்கப்பெறுகின்றது. ‘தேசி’ என்னும் சொல் பல நாடுகளிலும் சென்று வாணிகம் செய்த வணிகர் குழுக்களை நமக்கு நினைவூட்டும். ‘பட்டணம்’ என்பதும் வணிகச் செழிப்பைக் காட்டும் சொல்லே. இங்குள்ள சொக்கநாத சுவாமி கோயில், பெயரைக் கேட்டவுடன் மதுரைச் சொக்கரை நினைவுறுத்தினும், திருமாலுக்கு உரிய கோயில் ஆகும். சொக்கப் பெருமாள் என்பதே அங்கு எழுந்தருளியுள்ள இறைவன் பெயர். சோழர் காலத்தில் தோன்றியதாகப் பொதுவாகக் கூறப்பெறும் இக்கோயிலின் சுவர்களிலும் தூண்களிலும் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-ஆம் ஆண்டில் வெளியிட்ட லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர், இவற்றையும் அத்தொகுதியில் சேர்த்துப் பதிப்பித்தார்.

அக்கல்வெட்டுகள் சொல்லும் செய்தி யாது? பெரும்பாலும் கொடைச் செய்தியே. 1270-ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரு கல்வெட்டு, அழகியார் என்பவர் கோயிலுக்கு நிலைக்கால்கள் இரண்டைக் கொடுத்ததைக் கூறுகின்றது. மற்றொரு கல்வெட்டு, கணவரும் மனைவியுமாக இருவர் சேர்ந்து, ஜலப்பள்ளி என்னும் ஊரின் வருவாயையும், விண்ணமங்கலத்து ஏரியின் வருவாயையும் இறைவனுக்கு அளித்ததைச் சொல்கின்றது. 1290-ஆம் ஆண்டைச் சார்ந்த இன்னொன்று, போசள மன்னன் வீர இராமநாதன் தொம்மலூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் வழங்கியதைப் பதிவு செய்கின்றது.

இம்மூன்று கொடைகளையும் ஒப்புநோக்குவோம். மன்னன் பொன் கொடுத்தான். அஃது அவன் நிலைக்கு ஏற்றது. தம்பதியர் ஏரியின் பயனைக் கொடுத்தனர். ஆண்டுதோறும் பெருகி வரும் கொடை அது. அழகியாரோ இரண்டு நிலைக்கால்களைக் கொடுத்தார். வாயில் இன்றிக் கோயில் இல்லை. நிலைக்கால் இன்றி வாயில் இல்லை. கோயிலுக்கு எது தேவை என்று பார்த்து, அவ்விடத்தில் பொருந்தக் கூடியதை அவர் அளித்திருக்கிறார். அதனாலேயே ஏழரை நூற்றாண்டு கடந்தும் அவர் பெயரை நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெறுபவருக்கு அளவெடுத்தது போல அமைவதே சிறந்த கொடை என்னும் பாடத்தை இங்கே கற்கிறோம்.

இனிக் கோல்ப் ஆட்டத்தின் வரலாற்றுக்கு வருவோம். நம் மொழியில் கைத்தடிக்குக் கோல் என்று பெயர். இவ்வாட்டமும் கோலால் ஆடப்படுவதே. ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் உறவு இல்லை. ஒலியளவில் நேர்ந்த ஒற்றுமையே ஆகும். ஆட்டம் வளர்ந்த நாடு ஸ்காட்லாந்து. கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான புல்வெளிகளில் அந்நாட்டு மக்கள் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் விழச் செய்து ஆடினர். இவ்வாட்டம் மக்களைப் பெரிதும் ஈர்த்தது. வில்வித்தை பயிலும் நேரத்தையும் விழுங்கிற்று. இங்கிலாந்தோடு ஓயாது போர் நிகழ்ந்த காலம் அது. வில்லேந்த வேண்டிய இளைஞர் கோலேந்தித் திரிவதை அரசால் பொறுக்க முடியவில்லை. 1457-ஆம் ஆண்டில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்து நாடாளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடை செய்தது. 1471-லும் 1491-லும் அத்தடை மீண்டும் விதிக்கப்பட்டது. ஒரு தடையைத் திரும்பத் திரும்ப விதிக்க வேண்டியிருந்தது என்றால், மக்கள் அதனை மதிக்கவில்லை என்பதே பொருள்.

இத்தடையின் வலிமை குன்றியதற்கு ஒரு திருமணமும் காரணமாயிற்று என்பது வியப்பிற்குரியது. ஸ்காட்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸுக்கும், இங்கிலாந்து அரசன் ஏழாம் ஹென்றியின் மகள் மார்கரெட்டுக்கும் மணம் பேசி முடிக்கப்பட்டது. அதனோடு சேர்த்து, இரு நாடுகளுக்கும் இடையே நிலையான சமாதானம் நிலவும் என்று 1502-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. திருமணம் 1503-ஆம் ஆண்டு நடைபெற்றது. போர் ஓய்ந்தால் வில்லுக்கு வேலை குறையும் அல்லவா? 1502-ஆம் ஆண்டிலேயே அம்மன்னன் பெர்த் நகரத்து வில் செய்யும் கைவினைஞரிடம் ஆட்டக் கோல்கள் வாங்கியதற்கான செலவு, அரசக் கணக்கேட்டில் பதினான்கு ஷில்லிங் என்று எழுதப்பட்டுள்ளது. வில் வளைத்த கையே விளையாட்டுக் கோலையும் செய்து கொடுத்தது. அச்சமாதானம் நெடுநாள் நிற்கவில்லை. 1513-இல் பிளாடன் போர்க்களத்தில் அம்மன்னன் மாண்டான். எனினும், திருமணம் கொணர்ந்த அமைதியின் நிழலில் இவ்வாட்டம் அரசவைக்குள் நுழைந்துவிட்டது.

பரிசு ஒன்று ஆட்டத்திற்கே சட்டம் தந்த கதையும் உண்டு. 1744-ஆம் ஆண்டில் எடின்பரோ நகர மன்றம், லீத் என்னும் துறைமுகப் புல்வெளியில் ஆடிவந்தோருக்கு வெள்ளிக் கோல் ஒன்றைப் பரிசாக அளித்தது. ஆண்டுதோறும் வெல்பவர், தம் பெயர் பொறித்த வெள்ளிப் பந்து ஒன்றை அக்கோலில் கோத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் வழக்கும் உடன் வரும். யார் வென்றார், எது குற்றம், பந்து நீரில் விழுந்தால் என் செய்வது என்னும் வினாக்கள் எழுந்தன. அவற்றிற்கு விடையாகப் பதின்மூன்று விதிகளை எழுதி வைத்தனர். இன்று நமக்குக் கிடைத்துள்ள கோல்ப் விதிகளுள் மிகப் பழையவை அவையே. முதல் ஆண்டில் வென்றவர் ஜான் ராட்ரே என்னும் மருத்துவர். அவர் அடுத்த ஆண்டில் மூண்ட கிளர்ச்சியில் ஈடுபட்டுச் சிறைப்பட்டபோது, அவரோடு ஆடிவந்த உயர்நீதிபதி ஒருவர் பரிந்து பேசி அவர் உயிரைக் காத்தார் என்பர். ஆட்டக்களத்துத் தோழமை அரசியல் பகைமையையும் கடந்து நின்றது.

பந்தின் கதையும் பரிசோடு பின்னிக் கிடக்கின்றது. தொடக்கத்தில் தோல் பைக்குள் வெந்நீரில் வேகவைத்த இறகுகளைத் திணித்துப் பந்து செய்தனர். ஒரு தொப்பி நிறைய இறகு ஒரு பந்துக்குள் அடங்கும். தேர்ந்த கைவினைஞரும் நாளொன்றுக்குச் சில பந்துகளே செய்ய இயலும். ஆதலின் விலை மிகுதி. செல்வர்க்கே ஆட்டம் உரியதாய் நின்றது. 1840-களில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பாட்டர்சன் என்பவருக்குக் கீழ்த்திசையிலிருந்து திருமாலின் சிலை ஒன்று அனுப்பப்பட்டதாகவும், சிலை உடையாதபடி அதனைச் சுற்றிக் கட்டாபர்ச்சா என்னும் மரப்பால் துண்டுகளை வைத்துக் கட்டியிருந்ததாகவும், அத்துண்டுகளை உருக்கியே அவர் முதல் பந்தைச் செய்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை முழுதும் உண்மையாயினும் ஆகாவிடினும், மலேயா நாட்டு மரத்தின் பாலே அப்பந்தின் மூலப்பொருள் என்பதில் ஐயம் இல்லை. வெந்நீரில் இட்டால் இளகும்; ஆறினால் இறுகும். உடைந்த பந்தையும் உருக்கி மீண்டும் வார்க்கலாம். 1848-ஆம் ஆண்டு முதல் இது பரவிற்று. விலை வீழ்ந்தது, எளியோரும் களத்தில் இறங்கினர். பின்னர், 1898-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஹாஸ்கல் என்பவர் ரப்பர் இழையைச் சுற்றிப் பந்து செய்யும் முறையைக் கண்டார். பரிசைக் காத்துவந்த பொதிபொருள், பரிசைக் காட்டிலும் ஆட்டத்தின் வரலாற்றில் பெரிய பங்கு கொண்டது என்று மேற்படி கதை நமக்குச் சொல்லாமற் சொல்கின்றது.

இந்தியாவுக்கு இவ்வாட்டம் வந்த வரலாறும் நெடியதே. 1829-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றிய கோல்ப் கழகம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றியவற்றுள் மிகப் பழையது. பெங்களூர் கோல்ப் கழகம் 1876-இல் தோன்றிற்று. நெடுங்காலம் வெள்ளை அதிகாரிகளின் பொழுதுபோக்காக இருந்த ஆட்டம், விடுதலைக்குப் பின் மெல்ல மெல்ல நம்மவர் கைக்கு வந்தது. 1964-ஆம் ஆண்டில் இந்தியத் திறந்தநிலைப் போட்டி தொடங்கிற்று. அதனைத் தொடங்கத் துணைநின்றவரும், முதற்போட்டியில் வென்றவரும் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பீட்டர் தாம்சன் ஆவார். பிரிட்டிஷ் திறந்தநிலைப் போட்டியை ஐந்து முறை வென்ற அவரே, தொம்மலூரை அடுத்துள்ள கர்நாடக கோல்ப் சங்கத்தின் ஆடுகளத்தையும் வடிவமைத்தார்.

அவ்வாடுகளம் அமைந்த நிலம் எது? அது முன்னர்ச் சல்லகட்டா ஏரியாக இருந்த நிலம். பெங்களூரின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேட்டில் ஒன்று நிறைந்தால், வழிந்த நீர் தாழ்வில் உள்ள மற்றொன்றை நிரப்பும். அவ்வாறு கோத்த மாலையில் சல்லகட்டாவும் ஒரு மணி. அப்பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்வது. நகரம் விரிந்தபோது இத்தகைய ஏரிகள் பல பேருந்து நிலையமாகவும், விளையாட்டரங்கமாகவும், குடியிருப்பாகவும் மாறின. சல்லகட்டா புல்வெளியாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சூழ்ந்த காலத்தில் கணவனும் மனைவியும் ஏரியின் பயனைக் கொடையாக அளித்ததைக் கூறும் கல்வெட்டுக்கு அருகிலேயே, இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஏரி மறைந்தது. இதற்காக இன்று அங்கு ஆடும் ஒருவரைப் பழிப்பது நேர்மை அன்று. ஆயினும், தாம் நடக்கும் பசும்புல்லுக்குக் கீழே ஓர் ஊரின் நீர்நிலை உறங்குகின்றது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். எஞ்சியுள்ள ஏரி ஒன்றைக் காப்பதற்கு மணமக்கள் பெயரால் சிறு தொகை அளிப்பதும், அவ்வகையில் பொருளுள்ள பரிசே ஆகும். தொம்மலூர்க் கல்வெட்டில் அதற்கு முன்மாதிரி இருக்கின்றது.

இப்பொழுது கடைத்தெருவுக்குத் திரும்புவோம். கோல் வாங்கலாமா? ஆட்டக்காரர் ஒருவர் தம் பையில் பதினான்கு கோல்களுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்பது விதி. அமெரிக்காவில் 1938-லும், பிரிட்டனில் 1939-லும் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. பற்று மிக்க ஆட்டக்காரரிடம் அப்பதினான்கும் பெரும்பாலும் முன்னரே இருக்கும். நாம் கொடுப்பது பதினைந்தாவது ஆகுமாயின், ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் அதனைப் பையில் சேர்க்க முடியும். அன்றியும், கோலின் நீளமும், தண்டின் வளைவும், பிடியின் பருமனும் ஆடுபவரின் உயரத்திற்கும் கைக்கும் வீச்சின் வேகத்திற்கும் ஏற்ப அமைய வேண்டும். இடக்கை ஆட்டக்காரருக்கு வலக்கைக் கோல் பயன்படாது. பிறர் காலுக்கு அளவெடுத்த செருப்பு போன்றதே அளவறியாமல் வாங்கிய கோல்.

பந்து வாங்கலாமா? பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது; எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது. விதிக்கு உட்பட்ட பந்தை யார் வாங்கிக் கொடுத்தாலும் அது பயன்படும். ஆயின், பந்தின் இயல்பு தொலைந்து போவது. ஆதலின், ஆடுவதற்குப் பத்துப் பந்து கொடுப்பினும், வைத்துக்கொள்வதற்கு ஒரு பந்து கொடுப்பது நன்று. எடின்பரோ நகரத்து வழக்கத்தைப் பின்பற்றி, மணநாளையும் இருவர் பெயரையும் பொறித்த சிறு வெள்ளிப் பந்து ஒன்றைச் செய்வித்துத் தரலாம். ஆண்டுதோறும் மணநாளன்று இன்னொன்றை அவர்களே சேர்த்துக்கொள்ளட்டும். நம் ஊர்ப் பத்தர் இதனை எளிதில் செய்துவிடுவார். எவர்சில்வர்க் குடத்தில் பெயர் வெட்டும் மரபுக்கும் இஃது ஒத்தது.

எனினும், இங்கே நாம் சிந்திக்க வேண்டிய பெரிய செய்தி வேறு ஒன்று உண்டு. பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க நான்கு மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். விடியற்காலையில் புறப்பட்டவர் உச்சிவேளைக்கு வீடு திரும்புவார். விடுமுறை நாளின் பாதி ஆட்டத்திற்குப் போய்விடும். மணமக்கள் இருவருள் ஒருவர் மட்டுமே ஆடுபவர் என்றால், நாம் ஒருவருக்குக் கொடுக்கும் பரிசு மற்றவரின் தனிமையைக் கூட்டுவதாக முடியலாம். திருமணப் பரிசு என்பது ஒருவருக்கு உரியது அன்று; இருவருக்கும் உரியது. இதனை மறந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பயன் இல்லை.

இதற்கு வழி என்ன? பெங்களூரின் ஆட்ட வரலாறே விடை தருகின்றது. ஆட்டக்காரரின் பையைச் சுமந்து, காற்றின் திசையும் தரையின் சாய்வும் அறிந்து சொல்பவரை ஆங்கிலத்தில் ‘கேடி’ என்பர். நம் நாட்டில் அச்சொல்லுக்குக் காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் என்று வேறு பொருள் ஆகிவிட்டபடியால், நாம் அவரைத் துணைவர் என்றே அழைப்போம். துணைவர் இன்றி ஆட்டம் இல்லை. பெங்களூரில் அவ்வாறு பை சுமந்து ஆட்டம் பயின்ற சின்னசாமி முனியப்பா, 2009-ஆம் ஆண்டில் இந்தியத் திறந்தநிலைப் போட்டியையே வென்றார். பிறர் பையைச் சுமந்த தோள், நாட்டின் பெரும் பரிசையும் சுமந்தது.

மற்றொருவர் அதிதி அசோக். 1998-இல் பெங்களூரில் பிறந்து, சிறு வயதிலேயே அந்நகரத்து ஆடுகளங்களில் கோல் பிடித்தவர். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியில் அவருடைய பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவர் தந்தை. 2020-ஆம் ஆண்டுக்கு உரியதாய் 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பை சுமந்தவர் அவர் தாய். அப்போட்டியில் ஒரே ஓர் அடி வேறுபாட்டில் வெண்கலப் பதக்கம் கைநழுவ, அதிதி நான்காம் இடம் பெற்றார். பதக்கம் கிட்டவில்லை, ஆயினும், நான்கு நாளும் தாய் மகளுக்குப் பக்கத்தில் நடந்த காட்சியை நாடு பார்த்தது. கோல்ப் ஆடுபவருக்கு ஒருவர் கொடுக்கக் கூடிய உயர்ந்த பரிசு உடன் நடப்பதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, நேயர்களே, கோல்ப் பற்றுடைய ஒருவரின் திருமணத்திற்குச் செல்வீராயின், முதலில் மற்றவரைப் பற்றிக் கேளுங்கள். அவர் ஆடாதவர் என்றால், விரும்பினால் கற்றுக்கொள்ளும்படி பயிற்சியாளர் ஒருவரிடம் சில வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்து கொடுங்கள். கற்க விருப்பம் இல்லை என்றால், இருவரும் சேர்ந்து உதகமண்டலம் போன்ற மலைநகரத்துக்குச் சென்றுவர வழி செய்யுங்கள். ஒருவர் ஆடட்டும், மற்றவர் மலைக்காற்றில் உலவட்டும், மாலையில் இருவரும் கூடட்டும். ஆட்டத்திற்குரிய பொருளே கொடுக்க வேண்டும் என்று எண்ணினால், கோலைக் கொடுக்காமல், கோலுக்கு அளவெடுத்துப் பொருத்தித் தரும் செலவைக் கொடுங்கள். அழகியார் கோயிலின் வாயிலுக்குப் பொருந்தும் நிலைக்காலைக் கொடுத்தது போல, அதுவும் பெறுபவருக்குப் பொருந்தியதாக அமையும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைப்போம். அழகியார் கொடுத்த நிலைக்கால்கள் இரண்டு. ஒற்றைக் காலை நட்டு வாயில் என்று சொல்ல முடியாது. இரண்டும் நேர் நின்று, மேலே உத்தரம் தாங்கினால்தான் உள்ளே செல்லும் வழி பிறக்கும். இல்லறமும் அத்தகையதே. எனவே, இரண்டு கால்களுக்கும் ஊன்றுகோலாக நிற்கும் பரிசு எதுவோ, அதுவே நாம் தேடிக் கொடுக்கத் தக்கது.